பழைய அமெரிக்க பாப் பாடகிகளும் போஸா நோவாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1955 முதல் 1970 வரை அமெரிக்காவில் பதிவான பெண் குரல் பாட்டுகளை, கிடைத்த ஆட்களிடமெல்லாம் கேட்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். கேட்டுவிட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்களோடுதான் வருகிறார்கள். அதனால் அவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்து, நான் சொன்ன பதில்களைக் கொஞ்சம் விரிவாக எழுதிவிட்டேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போஸா நோவாவிடமிருந்து அமெரிக்க பாப் கற்றுக்கொண்டதில் பெரியது, குரலை அடக்கிப் பாடுவது. அதை வானொலி வழியாக வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்ததில் பெரும் பங்கு பெண் பாடகிகளுடையது. ஆனால் பெயர் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் சாக்ஸஃபோன் வாசித்தவர்களுக்கும் தயாரிப்பாளர்களுக்கும்தான்.

போஸா நோவான்னா என்ன? சாம்பாவும் அதுவும் ஒண்ணுதானே?

ஒன்று இல்லை, ஆனால் சாம்பாவின் வயிற்றில் பிறந்தது. 1950களின் கடைசியில் ரியோ டி ஜெனீரோவின் கடற்கரைப் பகுதிகளான கோபகபானா, இபனேமாவில் இருந்த இளைஞர்கள், தெருவில் பெரிய மத்தளங்களோடு ஊர்வலமாகப் போகும் சாம்பாவை ஒரு அறைக்குள், ஒரு கிட்டாருக்குள் அடக்கினார்கள். ராகம் போட்டவர்களில் முக்கியமானவர் டாம் ஜோபிம், பாட்டு எழுதியவர்களில் கவிஞர் வினீசியஸ் டி மொராயஸ், கிட்டாரும் குரலும் பாஹியா மாநிலத்திலிருந்து ரியோவுக்கு வந்த ஜோவாவ் ஜில்பெர்ட்டோ.

தொடக்கம் என்று எல்லோரும் சொல்வது 1958. அந்த வருஷம் ஜோபிமும் வினீசியஸும் சேர்ந்து செய்த பாட்டுகளை எலிசெத் கார்டோசோ என்ற பாடகி ஒரு முழு இசைத்தட்டாகப் பாடினார். அதில் இரண்டு பாட்டுக்கு ஜோவாவ் கிட்டார் வாசித்தார். அப்புறம்தான் அவரே பாடிய பதிவு வந்து ஊரைக் கலக்கியது. ஆக அந்தக் கிட்டார் அடி முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியதே ஒரு பெண் குரலுக்குத் துணையாகத்தான்.

ஒரு பாட்டைக் கேட்டதும் இது போஸா நோவான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கிட்டாரைக் கவனியுங்கள். நைலான் தந்தி போட்ட கிட்டார், பிக் (தந்தியைச் சுண்டும் சின்னத் தகடு) எதுவும் இல்லாமல் வெறும் விரலால் வாசிப்பது. கட்டைவிரல் தாழ்ந்த சுருதித் தந்திகளில் சீராக இரண்டு இரண்டாக அடித்துக்கொண்டே போகும்; அது சாம்பா ஊர்வலத்தில் சுர்து என்ற பெரிய மத்தளம் செய்கிற வேலை. மற்ற மூன்று விரல்களும் ஒன்றாகச் சேர்ந்து தந்திகளைச் சுண்டும், ஆனால் அடி விழும் இடத்தில் விழாமல் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ விழும். அது தம்போரிம் என்ற சின்னக் கைப்பறையின் வேலை. மேளக் கூட்டமே ஒரு கைக்குள் வந்துவிட்டது.

அமெரிக்கப் பதிவுகளில் இன்னொரு அடையாளமும் உண்டு. டிரம்ஸ் வாசிப்பவர் குச்சியைப் படுக்கைவாட்டில் வைத்து டிரம்மின் விளிம்பில் 'டக், டக்' என்று தட்டுவார். பதினாறு மாத்திரையை 3, 3, 4, 3, 3 என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொரு பங்கின் தொடக்கத்திலும் ஒரு தட்டு. கையைத் தட்டிப் பாருங்கள், உடனே பிடிபட்டுவிடும். பிரேசில்காரர்கள் இதை இவ்வளவு கட்டாயமாக, மாறாமல் வாசிப்பதில்லை. அமெரிக்க ஸ்டுடியோக்களில்தான் இது போஸா நோவாவின் முத்திரை மாதிரி ஆகிப்போனது.

மூன்றாவது அடையாளம் குரல். அதைப் பற்றிக் கீழே தனியாகவே சொல்கிறேன்.

பிரேசில் பாட்டு அமெரிக்காவுக்கு எப்படிப் போச்சு?

பல வழிகளில். 1959இல் ரியோவை வைத்து எடுத்த 'பிளாக் ஆர்ஃபியஸ்' படம் கான் விழாவில் முதல் பரிசும், அப்புறம் ஆஸ்கரும் வாங்கியது. அதன் பாட்டுகள் வெளிநாடுகளுக்குப் பரவின. 1961இல் சார்லி பேர்ட் என்ற கிட்டார் கலைஞரை அமெரிக்க வெளியுறவுத் துறை லத்தீன் அமெரிக்காவுக்குச் சுற்றுப்பயணம் அனுப்பியது. அவர் திரும்பி வந்து சாக்ஸஃபோன் கலைஞர் ஸ்டான் கெட்ஸைச் சேர்த்துக்கொண்டு 1962 பிப்ரவரியில், வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில், ஒரே நாளில் பதிவு செய்ததுதான் 'ஜாஸ் சாம்பா'. ஒரு ஜாஸ் இசைத்தட்டு பாப் பட்டியலில் முதலிடத்துக்கே போய்விட்டது, 1963இல். இடையில் 1962 நவம்பரில் நியூயார்க் கார்னகி ஹாலில் பிரேசில் கலைஞர்களை வரவழைத்து ஒரு பெரிய கச்சேரியும் நடந்தது. வந்தவர்களில் சிலர் அப்படியே தங்கிவிட்டார்கள்.

அப்புறம் 1964 ஏப்ரலில் பிரேசிலில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்குப் பிறகு வெளியேறிய கலைஞர்களாலும் அமெரிக்காவில் பிரேசில் இசை கூடுதலாக வேர்விட்டது.

அஸ்ட்ரூட் ஜில்பெர்ட்டோ யாரு? சும்மா ஸ்டுடியோவுக்குப் போன இல்லத்தரசி தற்செயலா பாடினாங்கன்னு சொல்றாங்களே?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகமாக வருவது, பதில் சொல்லும்போது எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். நடந்தது இதுதான். 1963 மார்ச் 18, 19 தேதிகளில் நியூயார்க்கில் ஸ்டான் கெட்ஸும் ஜோவாவ் ஜில்பெர்ட்டோவும் சேர்ந்து ஒரு இசைத்தட்டு பதிவு செய்தார்கள். பியானோ டாம் ஜோபிம், தயாரிப்பு கிரீட் டெய்லர். ஜோவாவின் மனைவி அஸ்ட்ரூடுக்கு அப்போது 22 வயது, சில நாளில் 23. பாஹியாவில் பிறந்து ரியோவில் வளர்ந்தவர், ஜெர்மானியத் தந்தைக்கு மொழிகள் சொல்லிக் கொடுப்பதுதான் தொழில், அதனால் ஆங்கிலம் நன்றாகத் தெரியும். ஜோபிமும் வினீசியஸும் செய்த 'தி கேர்ள் ஃப்ரம் இபனேமா' பாட்டின் ஆங்கில வரிகளை அவர் பாடினார். அது 1964இல் வெளியாகி அமெரிக்கப் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது, 1965இல் அந்த ஆண்டின் சிறந்த பதிவுக்கான கிராமி விருதும் வாங்கியது.

தற்செயல் என்ற கதை எங்கிருந்து வந்தது என்றால், பதிவுக்குப் பின்னால் ஆளாளுக்கு 'நான்தான் அவரைக் கண்டுபிடித்தேன்' என்று சொல்லிக்கொண்டதிலிருந்து. அவரோ ரியோவில் 1960லேயே கணவரின் கிட்டாரோடு மேடையில் பாடியவர், வீட்டில் நண்பர்கள் கூடும்போதெல்லாம் பாடிக்கொண்டிருந்தவர். தொழில்முறைப் பாடகியாக இசைத்தட்டு வெளியிட்டதில்லை, அவ்வளவுதான். ஒரு ஆண் கிட்டாரோடு ஸ்டுடியோவுக்குள் போய் முதல் பதிவிலேயே வென்றால் 'பிறவிக் கலைஞன்' என்கிறோம். பெண் பாடினால் 'தற்செயல்' என்று எழுதிவிடுகிறோம்.

அந்தப் பாட்டுக்கு அவங்களுக்குக் காசே குடுக்கலையாமே?

ஸ்டுடியோ கலைஞர்களுக்கு அன்றைக்கு நிர்ணயித்திருந்த கூலியாக 120 டாலர் மட்டும் கிடைத்தது என்பது பல இடங்களில் எழுதப்பட்ட செய்தி. அதை விடுங்கள், இசைத்தட்டின் அட்டையே போதும். கெட்ஸ் பெயர், ஜில்பெர்ட்டோ பெயர் (கணவர்), ஜோபிம் பெயர் எல்லாம் முன்அட்டையில் இருக்கின்றன. அஸ்ட்ரூட் பெயர் முன்அட்டையில் இல்லை. (அட்டை ஓவியம் வரைந்ததும் ஒரு பெண்தான், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த ஓல்கா அல்பீசு. அந்த ஆரஞ்சும் கருப்பும் கலந்த ஓவியத்தைப் பார்த்தவுடன் இசைத்தட்டை அடையாளம் கண்டுகொள்ளலாம்.)

இன்னொரு வேடிக்கை பாருங்கள். இசைத்தட்டில் அந்தப் பாட்டு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். முதலில் ஜோவாவ் போர்ச்சுகீசில் பாடுவார், பிறகுதான் அஸ்ட்ரூட் ஆங்கிலத்தில் வருவார். வானொலிக்காகத் தனியாக வெளியிட்டபோது நேரத்தைக் குறைக்க ஜோவாவ் பாடிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். அமெரிக்கா கேட்டு மயங்கியது முழுக்க அஸ்ட்ரூடின் குரலைத்தான். அட்டையில் பெயர் போட யோசித்தவர்களுக்கு, எந்தக் குரல் விற்கும் என்பதில் மட்டும் சந்தேகமே இருக்கவில்லை.

எனக்கு அவங்க குரல்ல ஒண்ணும் பெருசா தெரியலையே. சுருதிகூட சில இடத்துல லேசா இறங்குற மாதிரி இருக்கு?

இறங்குகிறது, உண்மைதான். அவர் குரலின் வீச்சும் சின்னது. இதை மறைத்துப் பேசினால் அவர் செய்ததை விளக்க முடியாது.

அன்றைய அமெரிக்கப் பாடகிகள் ஒரு ஸ்வரத்தை நீட்டினால் முடிவில் அதை லேசாக அதிர வைப்பார்கள், விப்ராட்டோ என்று சொல்வார்கள். உணர்ச்சியைக் காட்ட அதுதான் வழக்கமான வழி. அஸ்ட்ரூட் அதைச் செய்வதே இல்லை. ஸ்வரம் நேராக வருகிறது, நேராகவே நிற்கிறது, மூச்சு தீர்ந்ததும் நின்றுவிடுகிறது. இபனேமா பாட்டின் நடுப்பகுதியைக் கேளுங்கள். அங்கே ராகம் திடீரென்று அரை ஸ்வரம் மேலே ஏறி, பிறகு படிப்படியாக வேறு வேறு சுருதிகளில் உட்கார்ந்து எழுந்து, சுற்றி வளைத்துப் பழைய இடத்துக்கு வருகிறது. அடியில் இவ்வளவு நடக்கும்போது மேலே குரலும் நெளிந்தால் காதுக்குப் பிடிமானம் போய்விடும். அவர் குரல் நேராக இருப்பதால்தான் கீழே கார்டுகள் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) நகர்வது நமக்குத் தெளிவாகக் கேட்கிறது.

இன்னொன்று, அந்தப் பாட்டு ஒரு ஆண் தன்னைக் கடந்துபோகும் பெண்ணைப் பார்த்துப் பாடுவது. பெக்கி லீ, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் உட்படப் பல பாடகிகள் பெண்ணைப் பையனாக மாற்றிப் பாடினார்கள். அஸ்ட்ரூட் பெண்ணைப் பெண்ணாகவே விட்டுவிட்டு, பார்ப்பவனைத்தான் 'நான்' என்பதிலிருந்து 'அவன்' ஆக்கினார். அதனால் பாடுகிறவர் ஓரமாக நின்று, பார்க்கிற ஆணையும் பார்க்காமல் போகிற பெண்ணையும் சேர்த்துப் பார்க்கிறார். உணர்ச்சியைப் பிழியாத அந்தக் குரல் இந்த இடத்துக்குக் கச்சிதமாக உட்காருகிறது. பெரிய சாரீரம் கொண்ட பலர் இதே பாட்டைப் பாடியிருக்கிறார்கள். எனக்கு யாரும் அவர் பக்கத்தில் வரவில்லை.

மெல்லப் பாடுறது அமெரிக்காவுல முன்னாடியே இருந்ததுதானே? ஜூலி லண்டன் எல்லாம்?

இருந்தது. மைக் வந்த காலத்திலிருந்தே காதோடு பேசுவது போலப் பாடும் பாணி உண்டு. ஜூலி லண்டன் 1955இல் பதிவு செய்த முதல் இசைத்தட்டில் அவர் குரலுக்குத் துணை பார்னி கெஸலின் கிட்டாரும் ஒரு பாஸ் வாத்தியமும் மட்டும்தான். வேறு எந்த வாத்தியமும் கிடையாது. அந்தக் காலத்தில் பாடகிக்குப் பின்னால் வயலின் கூட்டமே உட்கார்ந்திருக்கும், அதையெல்லாம் எடுத்துவிட்டு இப்படி ஒரு தட்டு.

சுவாரசியம் என்னவென்றால், அந்த இசைத்தட்டு ரியோவுக்குப் போய்ச் சேர்ந்து, கோபகபானாவில் கிட்டார் கற்றுக்கொண்டிருந்த பையன்கள் கெஸல் வாசித்த கார்டுகளைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டார்கள். போஸா நோவா உருவாவதில் அதற்கும் பங்கு உண்டு. சாம்பாவின் தாளத்தோடு அது கலந்து, வேறு உருவம் எடுத்து, ஏழெட்டு வருஷம் கழித்து அமெரிக்காவுக்கே திரும்பி வந்தது. அதனால் 'பிரேசில் கொடுத்தது, அமெரிக்கா வாங்கியது' என்று ஒரே திசையில் கோடு போடாதீர்கள்.

ஆனால் வித்தியாசமும் இருக்கிறது. ஜூலி லண்டனின் மென்மையில் மயக்குகிற நோக்கம் தெரியும், மூச்சுச் சத்தமே அங்கே ஒரு அலங்காரம். போஸா நோவாவின் மென்மை பேச்சுக்குப் பக்கத்தில் இருப்பது.

பேர்லயே 'போஸா நோவா'ன்னு இருக்கிற அமெரிக்கப் பாட்டெல்லாம் போஸா நோவாதானா?

பெரும்பாலும் இல்லை. 'ஜாஸ் சாம்பா' விற்றதும் 1962-63இல் ஒரு மோகம் கிளம்பியது, எதைத் தொட்டாலும் அந்தப் பெயர். அதில் நல்ல பாட்டு ஈடி கோர்மே 1963இல் பாடிய 'பிளேம் இட் ஆன் தி போஸா நோவா', ஏழாம் இடம் வரை போனது. துள்ளலான அருமையான பாப் பாட்டு. ஆனால் நான் மேலே சொன்ன கிட்டாரும் கிடையாது, அடக்கமும் கிடையாது. ஒரு நடனத்தில் காதல் வந்துவிட்டது என்று பாட்டு சொல்கிறது; ரியோவில் போஸா நோவா என்பது நடனமே இல்லை, உட்கார்ந்து கேட்கிற இசை. அமெரிக்காவில் புது இசை வந்தால் அதற்கு ஒரு நடனமும் இருந்தாக வேண்டும் என்று விற்பனைக்காக உண்டாக்கிவிட்டார்கள். எல்விஸ் பாடியதும் இதே வருஷம், இதே வகை.

அப்ப பேர்ல இல்லாம, உள்ள ஒளிஞ்சிருக்கிற பாட்டு எது எது?

அங்கேதான் உண்மையான தாக்கம் இருக்கிறது. அதே 1963 மார்ச்சில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த 'அவர் டே வில் கம்' கேளுங்கள். பாடியது ஓஹாயோ மாநிலத்து ரூபி அண்டு தி ரொமான்டிக்ஸ், முன்குரல் ரூபி நாஷ் என்ற கறுப்பினப் பெண். பின்னால் ஆர்கன், அடியில் போஸா நோவா நடை, ரூபி எங்கேயும் குரலை உயர்த்தாமல், நிச்சயமாக நடக்கப்போகிற ஒன்றைப் பற்றிச் சொல்கிறவர் போல நிதானமாகப் பாடுகிறார். அஸ்ட்ரூடின் பாட்டு வெளியாக இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது அப்போது. இந்தப் பாட்டுக்குப் போஸா நோவா வரலாற்றில் யாரும் சரியான இடம் கொடுப்பதில்லை என்பது என் குறை.

அப்புறம் பாட்டுக்கு இசை அமைத்த பர்ட் பாக்கராக். டியான் வார்விக் அவருக்காக 1964இல் பாடிய 'வாக் ஆன் பை'யின் தாளத்தைக் கேளுங்கள். மனசு உடைந்த ஒருத்தி தெருவில் அழுவதை மறைக்கிற பாட்டு, அடியில் பிரேசில் சாயலில் ஒரு மெல்லிய நடை ஓடிக்கொண்டே இருக்கும். இதுவே ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்றால் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து அழுதிருக்கும். டியான் பின்னாளில் பல வருஷம் பிரேசிலிலேயே வாழ்ந்தார், 1994இல் பிரேசில் பாட்டுகளாகவே ஒரு தட்டும் வெளியிட்டார். 1967இல் பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய பாக்கராகின் 'தி லுக் ஆஃப் லவ்' முழுக்க இந்த நடைதான்.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கால நியூயார்க் பாப்பில் கேட்கும் எல்லா பிரேசில் தாளமும் போஸா நோவா ஆகாது. லீபர், ஸ்டோலர் என்று சேர்ந்து பாட்டு எழுதிய இருவர் 1959லேயே டிரிஃப்டர்ஸ் என்ற பாட்டுக் குழுவுக்கு பையாவ் என்ற தாளத்தைப் பயன்படுத்திவிட்டார்கள். அது வடகிழக்கு பிரேசிலின் நாட்டுப்புற ஆட்டத் தாளம், சாம்பாவோடு சம்பந்தமில்லாதது.

எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், சாரா வான் மாதிரி பெரியவங்க பாடினது எப்படி இருக்கும்?

இது ருசியைப் பொறுத்தது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் 1962லேயே ஜோபிமின் 'தெசாஃபினாதோ'வை ஆங்கிலத்தில் பாடிவிட்டார், 1981இல் ஜோபிம் பாட்டுகளாகவே ஒரு இரட்டைத் தட்டு வெளியிட்டார். அவருக்கு ஸ்விங் என்ற ஜாஸின் துள்ளல் நடை ரத்தத்தில் ஊறியது. போஸா நோவாவின் அசையாத அடி மேல் அவர் குரல் துள்ளத் துடிக்கும், அடக்கி வைக்க முடியாது. ஜோபிம் அந்தத் துள்ளலுக்கு எழுதவில்லை என்பது என் எண்ணம்.

சாரா வான் வேறு கதை. 1977இல் ரியோவுக்கே போய், மில்டன் நாசிமென்டோ, ஜோபிம், தோரி காய்மி போன்ற பிரேசில் கலைஞர்களோடு உட்கார்ந்து 'ஐ லவ் பிரேசில்' பதிவு செய்தார். அவ்வளவு கனமான, ஆழமான குரல் அஸ்ட்ரூடுக்கு நேர் எதிர். ஆனால் அந்தக் கனத்தை எப்போது இறக்கி வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. டோரிஸ் டே 1965இல் 'லாட்டின் ஃபார் லவ்வர்ஸ்' என்று ஒரு தட்டு செய்திருக்கிறார். சினிமாவில் சிரித்துக்கொண்டே பாடுகிறவர் என்று நினைத்துத் தள்ளிவிடாதீர்கள், அவர் தாழ்ந்த குரலில் பாடும் ஜோபிம் பாட்டுகள் நிஜமாகவே நன்றாக இருக்கும். பாடகர் ஃபிராங்க் சினாட்ரா 1967இல் ஜோபிமோடு சேர்ந்து பாடியது பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், நல்ல தட்டுதான், ஆனால் டோரிஸ் டே அவருக்கு இரண்டு வருஷம் முந்திக்கொண்டார்.

செர்ஜியோ மெண்டஸ் குழுவுல பாடின பொண்ணுங்க பிரேசில்காரங்களா?

முக்கியக் குரல் லானி ஹால், சிகாகோவில் பிறந்து வளர்ந்தவர். பிரேசில் பியானோ கலைஞரான மெண்டஸ் 1964இல் அமெரிக்காவுக்கு வந்து, சில குழுக்களை வைத்துப் பார்த்து, கடைசியில் 1966இல் 'பிரேசில் 66' என்ற குழுவோடு வெற்றி கண்டார். சிகாகோவில் ஒரு கிளப்பில் பாடிக்கொண்டிருந்த லானியை அவர் அழைத்துக்கொண்டார். அந்தக் காலத்தில் லானிக்குத் துணையாகப் பாடிய ஜானிஸ் ஹான்சனும் அமெரிக்கர்தான். இரண்டு பெண்கள் ஒரே ராகத்தை ஒரே சுருதியில் சேர்ந்து பாடுவது, விப்ராட்டோ இல்லாமல், இரண்டு குரலும் ஒன்று போலக் கேட்கும்படி. பிரேசில் 66இன் மொத்த ருசியும் அதில்தான் இருக்கிறது. போர்ச்சுகீஸ் பாட்டையும் பீட்டில்ஸ் பாட்டையும் அவர்கள் ஒரே தட்டில் பாடினார்கள். 1968இல் 'தி லுக் ஆஃப் லவ்' பாட்டை ஆஸ்கர் மேடையில் பாடிய பிறகு அது நான்காம் இடம் வரை போனது.

கெட்ஸ் காலத்து ஜாஸ் ரசிகர்கள் இதை 'வெறும் பாப்' என்று ஒதுக்குவதைப் பார்த்திருக்கிறேன். பாப்தான், அதிலென்ன?

பிரேசில்லேயே இருந்த பாடகிகளைப் பத்தி ஏன் யாரும் பேசறதில்ல?

ஆங்கிலத்தில் பாடியவர்கள்தான் வெளியே தெரிந்தார்கள். சில்வியா டெல்லெஸ் ஜோபிமின் பாட்டை 1956லேயே பாடிவிட்டவர், 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பார்னி கெஸலோடும் (ஜூலி லண்டனின் அதே கெஸல்) பதிவு செய்தார். 1966இல் கார் விபத்தில் இறந்துபோனார். அவர் இருந்திருந்தால் வெளிநாட்டில் பேசப்படும் முதல் பெயர் அவருடையதாகவும் இருந்திருக்கலாம். நாரா லியாவ் இன்னொருவர். கோபகபானாவில் இருந்த அவர் வீட்டில்தான் இளைஞர்கள் கூடி வாசித்தார்கள், அதனால் 'போஸா நோவாவின் தேவதை' என்று பட்டம் கட்டினார்கள். அவர் அந்தப் பட்டத்தோடு அடங்கவில்லை. 1964இல் முதல் தட்டு வெளியிட்டபோது கார்டோலா, ஸே கேத்தி போன்ற ரியோவின் சாம்பாக்காரர்களின் பாட்டுகளை எடுத்துப் பாடினார், ராணுவ ஆட்சிக்கு எதிரான மேடையிலும் நின்றார். 1971இல் பாரிஸில் இருந்தபோதுதான் போஸா நோவா பாட்டுகளுக்கென்று ஒரு தட்டு செய்தார்.

அலாயிதே கோஸ்தாவையும் தேடிக் கேளுங்கள். ஆரம்ப வட்டத்திலேயே இருந்த கறுப்பினப் பாடகி. வசதியான வெள்ளைக் குடும்பத்துப் பிள்ளைகளின் இசை என்று போஸா நோவா பெயர் எடுத்தபோது அவர் பெயர் ஓரத்துக்குப் போனது. எலிஸ் ரெஜினா 1974இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜோபிமோடு செய்த தட்டைப் பற்றி நான் தனியாகப் புகழ வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

இது லிஃப்டுலயும் ஹோட்டல் லாபியிலயும் போடுற மியூசிக்தானே?

அங்கேயும் போடுகிறார்கள். சத்தம் ஏறி இறங்காமல் ஒரே அளவில் ஓடுகிற இசை என்பதால் பேச்சுக்குக் குறுக்கே வராது, அதனால் பின்னணிக்கு வசதியாகிப் போனது. 1966இல் வால்டர் வாண்டர்லே ஆர்கனில் வாசித்த கோடை சாம்பா ஒன்று ஹிட்டானதிலிருந்து அந்தச் சத்தமே கடைகளுக்கும் காத்திருக்கும் அறைகளுக்கும் உரியதாகிவிட்டது. ஹெட்ஃபோன் போட்டு ஒரு தடவை கேளுங்கள். 'ஒன் நோட் சாம்பா' என்ற ஜோபிம் பாட்டில் குரல் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்க, கீழே கார்டுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டே போகும். அந்த ஒரே ஸ்வரத்துக்கு ஒவ்வொரு கார்டிலும் ஒரு புது நிறம் வரும். காதுக்கு இவ்வளவு வேலை கொடுக்கிற பாப் பாட்டு அதிகம் இல்லை.

எதுல இருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

கெட்ஸ்-ஜில்பெர்ட்டோ தட்டில் 'கோர்கோவாதோ' முதலில். அஸ்ட்ரூட் ஆங்கிலத்தில் தொடங்குவார், பிறகு ஜோவாவ் போர்ச்சுகீசில் வருவார். இரண்டு குரலும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று அங்கே தெரியும். அடுத்து அஸ்ட்ரூடின் சொந்தத் தட்டு, 1965இல் வந்தது, ஜோபிமே கிட்டார் வாசிக்கிறார். அதற்கப்புறம் ரூபி, டியான், லானி ஹால் என்று மேலே சொன்ன வரிசை. ஜூலி லண்டனைக் கடைசியில் வையுங்கள். முன்கதை என்பதால் பின்கதை தெரிந்த பிறகு கேட்டால்தான் அதன் ருசி பிடிபடும்.

இன்னைக்கு யார் பாட்டுலயாவது இது இருக்கா?

பில்லி ஐலிஷ் 2021இல் வந்த தட்டில் ஒரு பாட்டுக்குப் பெயரே 'பில்லி போஸா நோவா'. ஐஸ்லாந்தைச் சேர்ந்த லவ்வே 2023இல் பாடிய 'ஃப்ரம் தி ஸ்டார்ட்' அசல் போஸா நோவா நடையிலேயே உலகம் முழுக்கப் பரவியது. ஜோவாவின் மகள் பெபெல் ஜில்பெர்ட்டோ (தாய் இன்னொரு பாடகி, மியூஷா) 2000இல் இதை எலக்ட்ரானிக் இசையோடு சேர்த்தார். தாளத்தை விட்டுவிட்டுக் குரலை மட்டும் பாருங்கள்: மைக்குக்கு மிக அருகில், அதிர்வில்லாமல், பேசுகிற சத்தத்தில் பாடும் இளம் பாடகிகள் இன்று எத்தனை பேர்! எல்லோரும் அஸ்ட்ரூடைக் கேட்டுக் கற்றவர்கள் என்று சொல்லவில்லை. அப்படிப் பாடுவதும் பாட்டுதான் என்று கேட்பவர் காது பழகியதில் அவருக்குப் பங்கு உண்டு.

ஆங்கிலத்துல பாடி, அமெரிக்காவுலயே வாழ்ந்தவங்களை பிரேசில் பாடகின்னு எப்படிச் சொல்றது?

இதற்கு நேர்ப் பதில் கிடையாது. அஸ்ட்ரூட் 1963க்குப் பிறகு அமெரிக்காவிலேயே வாழ்ந்து, ஜோவாவைப் பிரிந்து, ஆங்கிலம், போர்ச்சுகீஸ், இத்தாலியன் என்று பல மொழிகளில் பாடி, பின்னாளில் சொந்தமாகவும் பாட்டுகள் எழுதி, 2023 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் காலமானார். பிரேசில் பத்திரிகைகள் அவரை ஒருபோதும் அணைத்துக்கொள்ளவில்லை, ஜோபிமின் பாட்டை அமெரிக்கர்களுக்காக எளிமையாக்கியவர் என்கிற பார்வை அங்கே இருந்தது. அமெரிக்காவிலோ அவரைக் கடற்கரையிலிருந்து வந்த அயல்நாட்டு அழகியாகவே பார்த்தார்கள். மொழிபெயர்ப்பைப் பற்றிய குறை நியாயமானது. வினீசியஸின் வரிகளில் இருக்கும் தனிமை ஆங்கிலத்தில் பாதிதான் வந்தது, இதில் ஜோபிமுக்கே வருத்தம் இருந்தது. ஆனால் அந்த ஆங்கில வரிகளை எழுதியது நார்மன் கிம்பல். பழியைப் பாடியவர் மேல் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை.

நான் அவரை அமெரிக்க பாப் பாடகி என்றும் சொல்வேன், போஸா நோவா பாடகி என்றும் சொல்வேன். 1965இல் புதுமுகக் கலைஞருக்கான கிராமி பட்டியலில் அவர் பெயரும், ஜோபிம் பெயரும், பீட்டில்ஸ் பெயரும் ஒன்றாக இருந்தன. பரிசு பீட்டில்ஸுக்குப் போனது. அந்தப் பட்டியலிலேயே அவர் இரண்டு ஊருக்கும் சொந்தம் என்பது எழுதியிருக்கிறது.